மத்தியானம் பூட்டாத பூங்கா

எனக்கு எழுபத்தொரு வயசு. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி விட்டுவிட்டுப் போனது. ஆறும் இன்றைக்கு யாரிடமும் கை நீட்டாமல் பிழைக்கின்றன. இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், பூங்கா வேலைக்குப் புதுசாக வந்திருக்கும் உங்களைப் பார்த்து, "குப்பை அள்ளுற வேலைதானே" என்று நாலு பேர் சொல்லத்தான் போகிறார்கள். அந்த வேலையில்தான் நான் ஆறு பேருக்குச் சோறு போட்டேன். கேட்கிறவர்களிடம் நிமிர்ந்து நின்று சொல்லுங்கள்.

எனக்கு எழுத்து ரொம்ப வராது. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டைப் படிப்பேன், அவ்வளவுதான். எங்கள் தொழிலாளர் சங்கத்துப் பெண் ஒருத்தி வந்து, "புதுசா சேர்ந்தவங்களுக்குப் படிச்சுக் காட்டணும், நீ பார்த்ததைச் சொல்லு ஆயா" என்று கேட்டாள். நான் சொல்கிறேன், பேத்தி செல்வி எழுதுகிறாள். எனக்கு மூச்சு வாங்கும்போது நீயும் பேனாவைக் கீழே வை என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

செடி எப்படி நடுவது, புல் எப்படி வெட்டுவது, இதெல்லாம் உங்கள் மேஸ்திரி சொல்லிக் கொடுப்பார். நான் சொல்ல வந்தது வேறு. "பணம் இல்லை, குறைச்சுக்கோ" என்று மேலே இருந்து ஒரு நாள் உத்தரவு வரும். எதை விட்டுக் கொடுக்கலாம், எதை விடவே கூடாது என்று நீங்கள் நின்ற இடத்தில் முடிவு பண்ண வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்குத்தான் இது.

நான் வேலை பார்த்த பூங்கா திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போகிற வழியில் இருக்கிறது. கேட்டுக்கு எதிரே கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் ரோடு. பக்கவாட்டில் ஒற்றை ரூம் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும் தெரு. பூங்காவுக்குள் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்கு மரம், கேரம் ஆடத் தகர ஷெட், புங்க மரங்கள். கடல் காற்று அடித்து அடித்து மரமெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். பார்க்க லட்சணமாக இருக்காது. ஆனால் நிழல் நல்ல நிழல்.

வேலைக்குச் சேர்ந்த புதுசில் எனக்கு ஒரு எண்ணம். பூங்கா என்றால் சுத்தமாக இருக்க வேண்டும், நடக்கிறவர்கள் நடக்க வேண்டும், விளையாடுகிறவர்கள் விளையாட வேண்டும். பதினொரு மணி ஆனால் பொம்பளைகள் கைக்குழந்தைகளோடு வந்து மர நிழலில் துணி விரித்துப் படுத்துக்கொள்வார்கள். சோற்றுப் பாத்திரம், பால் பாட்டில், ஈரத் துணி எல்லாம் பக்கத்திலேயே கிடக்கும். எனக்குப் பார்க்கவே பிடிக்காது. துடைப்பத்தைத் தரையில் தட்டித் தட்டி எல்லாரையும் எழுப்பி விரட்டுவேன். நல்ல வேலை செய்கிறோம் என்று ஒரு மிதப்பு வேறு.

அப்போது எங்களுக்கு மேலே ஒரு மேஸ்திரியம்மா இருந்தார். பேர் சொல்லவில்லை. பேரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. குரல் லாரி ஹாரன் மாதிரி இருக்கும். நான் விரட்டுவதை ஒரு நாள் பார்த்துவிட்டார்.

"இன்னாமே பண்ணிகினு கீற?"

"வூட்ல படுக்காம இங்க வந்து படுத்துகினு கீறாங்கம்மா. பார்க்கே கலீஜா கீது."

"தொடப்பத்தைக் கீழ போடு. எங்கூட வா."

பக்கத்துத் தெருவுக்குள் கூட்டிக்கொண்டு போனார். லாரி ஹாரன் குரல்காரர் அந்தத் தெருவில் கால் வைத்ததும் கிசுகிசு என்று பேசினார். அதிலேயே நான் பாதி பயந்துவிட்டேன். சில வீடுகளின் வாசலில் ஆணியில் மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. துறைமுகத்திலும் கம்பெனியிலும் போட்டுக்கொள்கிற தொப்பி.

"அது இன்னான்னு தெரியுமா? ராத்திரி ஷிப்டு பார்த்த ஆளு உள்ள தூங்கறான்னு அர்த்தம். ஹெல்மெட்டு மாட்டியிருந்தா இந்தத் தெருவுல கீரைக்காரி கூவ மாட்டா. குக்கரு கூட வைக்க மாட்டாங்க, விசிலு வரும்னு. ஒரே ரூமு. அவன் தூங்கணும்னா பொண்டாட்டி புள்ளைங்க வெளிய போவணும். எங்க போவும், சொல்லு?"

ஒரு வாசலில் தொங்கிய ஹெல்மெட்டைத் தொட்டுக் காட்டினார்.

"தூங்காம போயி கிரேன் மேல ஏறுனான்னா கீழ கீறவன் கதி இன்னா? நம்ம பார்க்கு அவங்க வூட்டுக்கு இன்னொரு ரூமு. நீ அவங்க ரூமுக்குள்ள பூந்து தொடப்பத்தால வெரட்டிகினு கீற."

அதற்குப் பிறகு நான் யாரையும் எழுப்பியதில்லை. உங்களுக்கும் அதையே சொல்கிறேன். ஒரு பூங்காவுக்கு உங்களைப் போட்டார்கள் என்றால், அங்கே யார் எந்த நேரத்துக்கு வருகிறார்கள், எதுக்காக வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். துடைப்பத்தை அப்புறம் எடுங்கள்.

பணத்தில் வெட்டு ஆரம்பித்தது அதற்கு ரொம்ப வருஷம் கழித்து, இப்போது கொஞ்ச காலம் முன்னால்தான். முதலில் செடிக்கு வருகிற தண்ணி லாரியைக் குறைத்தார்கள். அடுத்து, சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லிக் கொடுக்க வந்த மாஸ்டரை நிறுத்தினார்கள். நல்ல மனுஷன். போகும்போது கேரம் பவுடர் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு, "போர்டு நனையாம பார்த்துக்கோங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு விளக்கு. பிறகு ஆட்கள். மூணு பேர் இருந்த இடத்தில் நான் ஒருத்தி.

கடைசியாக, பூங்காக்களைப் பார்த்துக்கொள்கிற கார்ப்பரேஷன் இன்ஜினியர் சார் ஒரு போர்டு கொண்டுவந்து கேட்டில் மாட்டினார். காலை ஐந்திலிருந்து எட்டு, மாலை நாலிலிருந்து ஏழு. மற்ற நேரம் பூட்டு. சின்ன வயசுப் பையன், கெட்டவன் கிடையாது.

"ஆயா, ஒரு ஆளுக்கு ஆறு மணி நேரந்தான் சாங்ஷன். எல்லா பார்க்குக்கும் இதே டைம்தான். மத்தியானத்துல யாரு வாக்கிங் வரப் போறாங்க?"

"வாக்கிங் வரமாட்டாங்க நைனா. படுக்க வராங்க."

"படுக்கவா?" சிரித்துவிட்டார். "இது பார்க்கு ஆயா, லாட்ஜ் இல்ல. பூட்டிடு."

பூட்டினேன். ஏன் எதிர்த்துப் பேசவில்லை என்று கேட்பீர்கள். எனக்கு அப்போது கையில் பிடித்துக் காட்ட ஒன்றும் இல்லை. ஹெல்மெட் கதையைச் சொன்னால் அதற்கும் சிரிப்பார். அதனால் பூட்டிவிட்டு, என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பொம்பளைகள் வந்தார்கள். கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்கள். அவர்களில் நூர்ஜஹான் என்று ஒரு பெண். இடுப்பில் ஒன்று, கையில் பிடித்தது ஒன்று. பெரியதுக்கு மூணு வயசு இருக்கும். புருஷன் ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன், அந்த மாசம் முழுக்க ராத்திரி ஷிப்டு.

"ஆயா, தொறக்க மாட்டியா?"

"உத்தரவு கண்ணு."

அவள் ரோட்டைத் தாண்டிப் போனாள். ரோட்டில் வேறு எங்கே நிழல் இருக்கிறது? டிரெய்லர் நிழல்தான். துறைமுகத்துக்குள் போக வரிசையில் நிற்கிற டிரெய்லர்கள் மணிக்கணக்காக நகராது. கன்டெய்னர் உயரத்துக்கு நிழல் விழும். அதன் ஓரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார்கள். "அங்க குந்தாதீங்க" என்று கத்தினேன். "பின்ன எங்க குந்தறது?" என்று யாரோ திருப்பிக் கேட்டாள்.

இரண்டு மூணு நாள் இப்படிப் போனது. அப்புறம் அந்த நாள் வந்தது.

நான் உள்ளே பூட்டிக்கொண்டு, தண்ணி இல்லாமல் காய்ந்துபோன செடிகளைக் கடப்பாரையால் நெம்பி எடுத்துக்கொண்டிருந்தேன். கூலி இல்லாத நேரம்தான், ஆனாலும் காய்ந்த செடியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க முடியவில்லை. ரோட்டில் முன்னால் நின்ற வண்டிகள் நகர ஆரம்பித்த சத்தம் கேட்டது. நிமிர்ந்து கேட்டுக் கம்பி வழியே பார்த்தேன். நூர்ஜஹான் சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு, பாட்டிலோடு தெருக்கோடிக் குழாய்ப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாள். சாக்கில் பெரியதைக் காணவில்லை. வெயில் நகர நகர அந்தக் குழந்தை நிழலைத் தேடித் தூக்கத்திலேயே உருண்டிருக்கிறது. டிரெய்லருக்கு அடியில், பின் சக்கரத்துக்கு முன்னால் கிடக்கிறது. பக்கத்தில் படுத்திருந்த பொம்பளைகள் அரைத் தூக்கத்தில். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். இன்ஜின் உறுமுகிறது.

உங்களைக் கேட்கிறேன், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? பூட்டைத் திறந்து ரோட்டுக்கு ஓடியிருப்பீர்கள். எனக்கும் கால் அப்படித்தான் கிளம்பியது. ஆனால் சாவி இடுப்பு முடிச்சில். அவிழ்த்து, பூட்டைத் திறந்து, சங்கிலியை உருவி, முட்டி வலிக்கிற இந்தக் காலை வைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். கத்தினால் இன்ஜின் சத்தத்தில் டிரைவருக்குக் கேட்காது. கையில் கடப்பாரை இருந்தது. கேட்டுக் கதவில் மேல்பாதி கம்பி, கீழ்ப்பாதி தகரம். ஓங்கி அடித்தேன். திரும்பத் திரும்ப அடித்தேன்.

லாரி ஓட்டுகிறவன் காதில் மனுஷக் குரல் விழாமல் போகலாம், இரும்பில் இரும்பு மோதுகிற சத்தம் விழாமல் போகாது. எதையோ இடித்துவிட்டோம் என்று நினைத்து அவன் பிரேக்கை மிதித்தான். அதற்குள் பக்கத்தில் இருந்த ஒருத்தி அலறி எழுந்து குழந்தையைக் காலைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டாள். முதுகு சிராய்த்து ரத்தம் கசிந்தது. வேறு ஒன்றும் இல்லை. குழந்தை ஊரைக் கூட்டி அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் கடப்பாரையைக் கீழே வைத்தேன்.

அந்தத் தெருவில் பகலில் அப்படி ஒரு சத்தம் யாருமே போட்டதில்லை. ஹெல்மெட் தொங்கிய வீட்டுக் கதவெல்லாம் திறந்தது. கைலியும் சிவந்த கண்ணுமாக ஆம்பளைகள் வந்தார்கள், அடிக்கிற மாதிரி. முன்னால் வந்தவன் நூர்ஜஹான் புருஷன்.

"யாரு இப்படி அடிச்சது? ராவெல்லாம் முழிச்சிகினு வந்து படுத்துகீறோம், தெரியல?"

"நான்தான் நைனா அடிச்சேன். உம் பொண்ணு எங்க தூங்கிகினு இருந்துச்சுன்னு போய்ப் பாரு."

பார்த்தான். மண்ணும் கிரீசுமாக இருந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டான். அதற்குள் நூர்ஜஹான் பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். அவளைப் பார்த்துக் கேட்டான்: "பார்க்குலதானே இருந்த நீ?"

"பார்க்கைப் பூட்டிட்டாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்குவியா?"

அவன் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான். நான் முடிச்சை அவிழ்த்துக் கேட்டைத் திறந்தேன். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாரும் உள்ளே வந்தார்கள்.

திறப்பது சுலபம். அடுத்த நாளும் திறக்க வேண்டுமே, அதுதான் வேலை. கூலி ஆறு மணி நேரத்துக்கு. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் சும்மா உழைத்துக் கொடுக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள், காரணம் பின்னால் சொல்கிறேன். சாயங்காலம் பிள்ளைகள் ஊஞ்சலுக்கும் கேரத்துக்கும் வரும், அதில் கை வைக்க மாட்டேன். அப்போ மிச்சம் காலை. காலையில் வருகிறவர்கள் யார்? ரிட்டயர் ஆனவர்கள், பென்ஷன்காரர்கள். பேனா பிடித்த கைகள். அவர்கள் மேல் கை வைத்தால் என் வேலைக்கு ஆபத்து. மத்தியானத்தில் வருகிறவர்கள் மேல் கை வைத்தால் எனக்கு ஒரு ஆபத்தும் கிடையாது. ஆபீசும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கும். அந்தக் கணக்கு எனக்கு வேண்டாம் என்றுதான் நான் காலையைப் பூட்ட முடிவு பண்ணினேன்.

மறுநாள் விடியும்போதே போய்க் கேட்டுக்கு வெளியே நின்றேன். ஒருத்தரிடமிருந்து ஒன்றைப் பிடுங்குகிறோம் என்றால் எதிரே நின்று சொல்ல வேண்டும். போர்டை மாட்டிவிட்டுப் போய் ஒளிந்துகொள்ளக் கூடாது. முதலில் வந்தவர் பேங்க் சார். பேங்கில் வேலை பார்த்து ஓய்ந்தவர், வாக்கிங் கோஷ்டிக்குத் தலைவர்.

"என்னம்மா, இன்னும் திறக்கலையா?"

"காலைல இனிமே தொறக்கறது இல்ல சார். அந்த நேரத்தை மத்தியானத்துக்கு வச்சிட்டேன்."

"நீ யாரும்மா வைக்கறதுக்கு? எனக்கு சுகர் இருக்கு. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

"நடங்க சார். வெயிலு வர்றதுக்கு முன்னாடி ரோடு சும்மாதான் கீது. மத்தியானத்துல அந்தப் புள்ளைங்களுக்கு எங்க நிழலு கீது?"

"உன் மேல கம்ப்ளெயின்ட் எழுதுவேன்."

"எழுதுங்க சார். நல்லா அழுத்தி எழுதுங்க."

எழுதினார். இன்ஜினியர் சார் வண்டியை விட்டு இறங்கும்போதே தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். "ஆயா, உன்னால எனக்குப் பெரிய பேஜாரு."

குழந்தை கதையைச் சொன்னேன். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. நெளிந்துபோன கதவுத் தகரத்தைத் தடவிப் பார்த்தார். "ஆனா டைமை நான் மாத்த முடியாது ஆயா. மேல இருந்து வந்தது. இப்படியே போனா உன்னைத் தூக்கிடுவாங்க."

"தூக்கட்டும். எனக்கு அப்பால சாவி வாங்கறவ கிட்டயும் மத்தியானம் தொறக்கணும்னு சொல்லிட்டுத்தான் போவேன். அவளையும் தூக்குவீங்களா?"

கேட்டில் மாட்டிய போர்டைத் திரும்பிப் பார்த்தார். "வாக்கிங்காரங்க கம்ப்ளெயின்ட் நின்னுச்சுன்னா நான் கண்டுக்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

அது போதும். நேராகப் பேங்க் சார் வீட்டுக்குப் போனேன். இன்னொரு சாவியை மேஜை மேல் வைத்தேன். "காலைல நீங்களே தொறந்துக்கோங்க, நடந்துட்டு நீங்களே பூட்டுங்க." அவருக்கு நம்ப முடியவில்லை. சாவியை எடுத்துப் பார்த்தார், அவர் சம்சாரம் எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தது.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். சில நாள் கழித்து ஒரு காலையில் அந்தப் பக்கம் போனேன். பேங்க் சாரும் இன்னும் இரண்டு பேரும் புதுத் துடைப்பம் வாங்கிவந்து பாதையைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். வேர்த்து விறுவிறுத்து, சந்தோஷமாக. நான் போய் அவர் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கினேன்.

"இது வேணாம் சார்."

"ஏம்மா, நல்லதுதானே செய்யறோம்? உனக்கும் வேலை மிச்சம்."

"நீங்க சும்மா பெருக்குனா ஆபீசுல இன்னா சொல்லுவாங்க? ஆளே இல்லாம பார்க்கு சுத்தமாத்தான் கீது, மீதி கீற ஒருத்தியும் எதுக்குன்னு சொல்லுவாங்க. அப்பால உங்களுக்கு உடம்பு முடியாத அன்னிக்கு இதைத் தொறக்க நாதி இருக்காது."

"அப்போ குப்பையிலயே நடக்கச் சொல்றியா?"

"நடங்க. கஷ்டமா இருந்தா எழுதுங்க. என் மேல எழுதுன கைதானே, ஆபீசு மேல எழுதறதுக்கு நோவுதா?"

என்னை முறைத்துப் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நீ பொல்லாத பொம்பளைம்மா" என்றார்.

சாவியைக் கொடுங்கள். துடைப்பத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். எட்டு மணி நேரம் சும்மா உழைக்காதீர்கள் என்று முன்னால் சொன்னேனே, அதற்கும் இதுதான் காரணம். வெட்டினது வெளியே தெரிய வேண்டும். நாம் முந்தானையால் மூடி மறைத்தால் இன்னும் வெட்டுவார்கள்.

சொல்வது சுலபம், செய்வது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. என் பூங்காவில் இலை விழுந்த இடத்தில் கிடந்ததாகச் சரித்திரமே கிடையாது. பிள்ளைகள் படுக்கிற இடத்தையும் ஊஞ்சல் பக்கத்தையும் என் ஆறு மணி நேரத்தில் கண்ணாடி மாதிரி வைத்தேன். நடைபாதையை விட்டுவிட்டேன். சருகு குவிந்தது, நாய் அசிங்கம் பண்ணியது. தெரிந்தவர்கள் போகிற போக்கில், "இன்னா ஆயா, வயசாயிடுச்சா? கை ஓடலையா?" என்று கேட்டார்கள். சுருக்கென்று இருக்கும். நேரம் முடிந்ததும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன்.

பேங்க் சார் எழுதினார். இந்த முறை அவர் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. நூர்ஜஹான் புருஷன் ஷிப்டுக்குப் போகிற வழியில் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு போய், ராத்திரி வேலைக்காரர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி வந்தான். காலையில் நடக்கிறவர்களும் பகலில் தூங்குகிறவர்களும் ஒரே ஏரியாவில் இத்தனை வருஷம் இருந்தும் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. அந்தத் தாளில்தான் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்தார்கள். இன்ஜினியர் சாரும் சருகுக் குவியலைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். நானாக ஒன்றும் கேட்கவில்லை, அவராகவே எடுத்தார்.

ரொம்ப நாள் ஆனது. பதில் வராது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கடைசியில் எங்கள் பூங்காவுக்கு இன்னொரு ஆள் என்று உத்தரவு வந்தது. போர்டில் மத்தியான நேரத்தையும் எழுதினார்கள். தண்ணி லாரி கூடவில்லை. கேரம் மாஸ்டர் திரும்பி வரவில்லை, அந்த ஷெட்டில் பெரிய பிள்ளைகளே சின்னதுகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றன. எல்லாம் கிடைத்துவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஒரு ஆள் கிடைத்தது. அதற்கப்புறம் முட்டி போய்விட்டதால் நான் நின்றுவிட்டேன். உங்களில் ஒருத்தி அங்கேதான் சேர்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அந்த வேலை யாரும் போனால் போகிறது என்று தூக்கிப் போட்டது கிடையாதம்மா. அதில் நிமிர்ந்து நில்.

இந்த வருஷமும் குறைக்கப் போகிறார்களாம். வருவார்கள். "எந்த நேரத்துல ஆளு கம்மி?" என்று சிரித்த முகமாகத்தான் கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். "நாளைக்கு வந்து கூட நின்னு பாருங்க சார்" என்று சொல்லுங்கள். வரவில்லை என்றால் அடுத்த நாளும் அதையே சொல்லுங்கள். அவர்கள் அலுத்துப் போகலாம், நீங்கள் அலுக்கக் கூடாது.

செல்வி, எழுதிட்டியா? எங்க, மொதல்லேர்ந்து படி, கேக்கறேன். எங்கனா "தயவு செய்து"ன்னு நீயா சேர்த்திருந்தா அதை அடிச்சிடு. நான் யாரையும் கெஞ்சல. ம், படி.